இது அந்தச் சத்தம் இல்லைங்க

"கேக்குதா?" என்று கேட்டார் வால்வுக்காரர்.

கேட்காமல் என்ன? எதிர்வீட்டில் டியூஷன் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வாய்ப்பாட்டை அந்தரத்தில் விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். வால்வுக்காரர் வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போனைச் சைலன்சரின் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். சட்டைக் கை சூட்டில் பழுப்பேறிக்கொண்டிருந்தது. அது பாட்டுக்கு ஏறட்டும் என்று விட்டுவிட்டார். முன்பக்கம் மெக்கானிக் நின்று ஆக்சிலரேட்டரைத் துளித் துளியாகத் திருகுவதும் விடுவதுமாக இருந்தார். ஐந்து வருஷமாக மாடிப்படிக்கு அடியில் போர்வை போர்த்திக் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள், டப்... டப்... டப்... என்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

போனில் பதிலே இல்லை.

"லைன் போயிடுச்சா பாருங்க."

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "இல்லண்ணே. செகண்டு ஓடிட்டுத்தான் இருக்கு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் மனைவியின் குரல் வந்தது. "கேட்டுச்சுங்க."

"சளியா?"

"லேசா."

"சரி, இதானே அந்தச் சத்தம்?"

மறுபடியும் பத்துப் பன்னிரண்டு டப் போயிற்று.

"இது இல்லைங்க," என்றாள் மனைவி.

வால்வுக்காரர் என்பது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல, தெரு வைத்த பெயர். முப்பத்து நாலு வருஷம் குடிநீர் வாரியத்தில் வேலை. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறக்க வேண்டும், எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பது மட்டுமே அவர் பொறுப்பு. ஒரு நாள் முந்தவில்லை, ஒரு நாள் பிந்தவில்லை. ஊருக்கெல்லாம் குழாயைத் திறந்துவிட்ட மனிதர், வீட்டில் வாயை மட்டும் திறந்ததில்லை. சில பேருக்கு அப்படித்தான் அமையும்.

மனைவி போய்ப் பதினொரு மாசம் ஆகியிருந்தது. கோபித்துக்கொண்டு போகவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்து, மூன்றாம் மாசமே வேலைக்குத் திரும்ப வேண்டி வந்ததால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பஸ்ஸில் பத்து மணி நேரம் தள்ளியிருக்கும் நகரத்துக்குப் போனாள். அங்கே காப்பகம் இருக்கிறது. ஆனால் பிள்ளை நடக்க ஆரம்பித்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். பேரனோ நடப்பதற்கு எந்த அவசரமும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வால்வுக்காரர் போன் செய்வார். மருமகன் எடுப்பார். பேசாமல் இருப்பதில் அவர் மாமனாருக்கு மேல். "இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிப் போனைக் கைமாற்றிவிடுவார். பிறகு இப்படி நடக்கும்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. நடக்கிறானா?"

"இன்னும் தவழ்றான்."

"சரி."

மொத்தம் பதினொரு செகண்டு. 'நடக்கிறானா' என்பதற்கு 'நீ எப்போது வருவாய்' என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்பது அவருக்குத் தெரியாது.

சரி, அவளாவது இடையில் கூப்பிடக் கூடாதா என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஆபீசுக்குக் கூப்பிட்டாள். "வேலை நேரத்துல எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தகவலுக்காகத்தான் கேட்டார். அன்றோடு அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பேசாத புருஷனுக்கு வாய்த்தவள் ரோஷக்காரி.

இப்படியே போயிருக்கும். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'சரி' சொல்லிவிட்டு அவர் பொத்தானை அழுத்துவதற்குள், பின்னாலிருந்து மகள் சொன்னது காதில் விழுந்துவிட்டது. "பேசாம இங்கேயே இருந்துடும்மா. அந்த வீட்டுல என்ன இருக்கு? அப்பாவும் ஒரு ஓடாத வண்டியும்." மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்கு மனைவி என்ன பதில் சொன்னாள் என்று கேட்பதற்குள் விரல் அழுத்திவிட்டது. அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தன்னை மாற்றிக்கொள்ள முடியாது என்பது அவருக்கு நிச்சயம். வண்டியை மாற்றலாம். மறுநாள் காலையில் அதைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போய்விட்டார்.

மெக்கானிக் இன்ஜின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு தண்டை எடுத்துத் துடைத்துக் காட்டினார். அதில் இரண்டு மேடு இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மொட்டையாகியிருந்தது.

"இதான் கேம்ஷாஃப்ட். நாங்க கேம்னு சொல்லுவோம். உங்க வேலையைத்தாண்ணே இது பாக்குது. இந்த மேடு வந்தா வால்வு திறக்கும், மேடு போனா மூடும். பெட்ரோல் உள்ள வர ஒண்ணு, புகை வெளிய போக ஒண்ணு. எப்ப திறக்குது, எவ்வளவு நேரம் திறந்திருக்குதுங்கறதுதான் வண்டியோட குரல். மேடு மாறினா குரல் மாறிடும்."

வால்வுக்காரர் அந்தத் தண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு இயந்திரம் அவருக்குச் சொந்தக்காரன் போலத் தெரிந்தது.

"பழைய குரலே வரணும்," என்றார்.

"பழைய குரல் எப்படி இருந்துச்சு?"

வால்வுக்காரர் யோசித்தார். இருபத்தெட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். நினைவில்லை. மேலே உட்கார்ந்து ஓட்டியவனுக்குக் காற்றுச் சத்தம்தான் தெரியும். அந்த வண்டி தெரு முனையில் எப்படித் திரும்பும், வாசலில் எப்படி நிற்கும் என்பதெல்லாம் வீட்டுக்குள் காத்திருந்தவளுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் அந்தப் போன். அதனால்தான் சட்டைக் கை கருகிற்று. முதலில் போட்டது கம்பெனி கேம், மெக்கானிக்கின் பிஸ்கட் டின்னில் பிரிக்காமல் இருந்த உருப்படி. அதைத்தான் அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. போனை வாங்கினார். "அண்ணி, வண்டி பொறந்தப்போ அதுக்குள்ள இருந்தது இதே கேம்தான். பொறந்த குரலே இல்லைன்னா எப்படி?"

"தம்பி, நான் கேட்ட குரலை நான் சொல்றேன். இன்னும் கொஞ்சம் கனமா இருக்கும்."

"கனமாவா?"

"ஆமா. அவருகிட்ட குடுங்க." வால்வுக்காரர் காதில் வைத்ததும் கேட்டாள், "இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"வேற கேம் போட்டுப் பாக்கணும்."

"எப்போ கழட்டுவீங்க?"

"நாளைக்கு."

"கழட்டும்போது சொல்லுங்க. இதே நாலு மணிக்கு. இவன் தூங்கி எழுந்திருப்பான், எனக்கும் கை சும்மா இருக்கும்."

மறுநாள் நாலு மணிக்குக் கழற்றும்போது சொன்னார். அதற்கு மறுநாள் மாட்டும்போது சொன்னார். சொல்வதற்கு விஷயம் இருக்கிறதே, பிறகென்ன? மேடு எத்தனை மில்லிமீட்டர், வால்வுக்கும் அதைத் தள்ளும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும், அதை அளக்க மெக்கானிக் ஒரு மெல்லிய தகடு வைத்திருக்கிறார் என்றெல்லாம் சொன்னார்.

"எவ்வளவு மெல்லிசு?" என்று கேட்டாள்.

"காலண்டர் தாள் அளவு."

"அதுக்குள்ளயா வண்டி ஓடுது? அந்த இடைவெளியை அடைச்சுட்டா?"

"சூட்டுல வால்வு நீளும். அதுக்கு எடம் விடணும். இல்லைன்னா மூடாது."

"எடம் விடாட்டி மூடாது," என்று அவள் தனக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "தெரு முனையில நீங்க திரும்புற சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்பைப் பத்த வைப்பேன், தெரியுமா?"

வால்வுக்காரர் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார். "அதனாலதான் நான் உள்ள வரும்போதே டீ கொதிச்சுட்டு இருக்குமா?"

"பின்ன?"

"நம்ம வீட்டுல எப்பவும் டீ கொதிச்சுட்டுத்தான் இருக்கும்னுல்ல நெனச்சேன்."

"இருபத்தெட்டு வருஷமாவா அப்படி நெனச்சீங்க?"

அன்றைக்கு அவர்கள் நாற்பது நிமிஷம் பேசினார்கள். போனை வைத்த பிறகு அவருக்குத் தாடை வலித்தது. பழக்கமில்லாத வேலை செய்தால் உடம்பு வலிக்கத்தான் செய்யும்.

இரண்டாவது, ஸ்போர்ட் கேம். மேடு உயரம். வால்வு கொஞ்சம் முந்தித் திறந்து, கொஞ்சம் பிந்தி மூடும். வால்வுக்காரருக்கு அது கொள்கையளவிலேயே பிடிக்கவில்லை. அவர் சர்வீசில் அப்படி ஒருவன் இருந்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள். ஆனாலும் போட்டார். நிறுத்தி வைத்தாலே வண்டி தக்... தடதட... தக் என்று அடித்து, உடம்பெல்லாம் உதறி, நிறுத்திய ஸ்டாண்டோடு தானாக நகர ஆரம்பித்தது. இவர் குனிந்து போனைப் பிடித்திருந்ததால் கவனிக்கவில்லை. அது தெருவைக் கடந்து, டியூஷன் பிள்ளைகளின் சைக்கிள் வரிசையில் முதல் சைக்கிளை மெல்லத் தொட்டது. ஆறு சைக்கிளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன.

"என்னங்க அது, கடகடன்னு?" என்றாள் மனைவி.

"சைக்கிள். நீ வண்டியை மட்டும் கேளு."

டியூஷன் டீச்சர் சாக்பீசும் கையுமாக வந்தாள். அவள் சைக்கிளைப் பற்றிக் கேட்கவில்லை. "சார், முந்தி ஒரு சத்தம் விட்டீங்களே, அதுக்குப் பசங்க தாளத்தோட வாய்ப்பாடு சொன்னாங்க. இதுக்கு ஏழெட்டு அம்பத்தாறுல எல்லாரும் திக்குறாங்க. பழசையே போட்டுடுங்க சார்."

"அது இல்லையாம்மா."

"யாரு சொன்னா?"

வால்வுக்காரர் போனைக் காட்டினார். டீச்சர் கல்யாணமானவள். மேற்கொண்டு பேசாமல் சைக்கிளை நிமிர்த்தப் போய்விட்டாள்.

"கிட்ட வந்துட்டீங்க," என்றாள் மனைவி. அவர் முகம் மலர்ந்தது. "ஆனா இதுவும் இல்ல. அதுவுமில்லாம வாசல்ல நின்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும்? நான் சமையலறை ஜன்னல்லேர்ந்து கேட்டவ. நீங்க முனையில திரும்பி வரணும்."

நியாயமான பேச்சு. மறுநாள் நாலு மணிக்குப் போனைச் சமையலறை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துவிட்டு, வண்டியைத் தெரு முனைக்குக் கொண்டு போனார். திரும்பும்போது வேகம் குறைத்தார். வேகம் குறைந்தால் அந்தக் கேமுக்கு மூச்சு நின்றுவிடும். நின்றுவிட்டது. பதினேழு உதை உதைத்தார். கிளம்பவில்லை. வேறு வழியில்லாமல் தள்ளிக்கொண்டே வந்து, ஓடிப்போய்ப் போனை எடுத்தார்.

"கேட்டுச்சா?"

"நீங்க மூச்சு வாங்கறதுதான் கேக்குது. தண்ணி குடிங்க முதல்ல."

குடித்தார். அவள் அவர் குடிக்கும்வரை காத்திருந்தாள். அந்த ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம், வீட்டில் அவள் பக்கத்தில் நிற்பது போலவே அவருக்கு இருந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் ஜன்னலை விட்டு நகர மனசு வரவில்லை. சமையலறையில் அவளுடைய சாமான்கள் அவள் வைத்த இடத்திலேயே இருந்தன. அவர் எதையும் மாற்றியிருக்கவில்லை. அவள் வந்ததும் கை தானாக நீளுமே, அப்போது கிடைக்க வேண்டும்.

"நீ வந்து நேர்ல கேட்டா..." என்று ஆரம்பித்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ரேஸ் கேம் ஒண்ணு இருக்காம்."

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் அதுதான். மெக்கானிக்கே தயங்கினார். "அண்ணே, அது பந்தயத்துக்கு. அதுக்கு மெதுவாப் போகத் தெரியாது. நின்னா அணைஞ்சிடும். அணைஞ்சா உதைக்கும்."

"யாரை?"

"உங்களைத்தான்."

அதேபோல உதைத்தது. கிக்கரை மிதித்தபோது திருப்பி அடித்ததில் வால்வுக்காரரின் கெண்டைக்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. எப்படியோ கிளப்பிவிட்டார்கள். இனி நிறுத்தினால் இன்னொரு காலும் போய்விடும் என்பதால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வால்வுக்காரர் நிற்காமல் தெருக்களைச் சுற்றி வருவார். மெக்கானிக் சமையலறை ஜன்னலில் போனோடு நின்று, சரி என்றால் கையைக் காட்டுவார்.

முதல் சுற்று வந்தார். மெக்கானிக் இல்லை என்று தலையை ஆட்டினார். "அண்ணி இன்னொரு தரம் கேக்கணுமாம்."

இரண்டாவது சுற்று வந்தார். "இன்னும் ஒண்ணு. கொஞ்சம் மெதுவாவாம்."

"மெதுவா வராதுடா," என்று கத்திக்கொண்டே போனார்.

ஐந்தாவது சுற்றில் தெரு முழுக்க வாசலில் நின்றது. ஏழாவது சுற்றில் டியூஷன் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். எட்டாவது சுற்றில் முனையில் போலீஸ்காரர் கையை நீட்டினார். வால்வுக்காரர் நிறுத்த முடியாது என்று சைகை காட்டிவிட்டுப் போனார். ஒன்பதாவது சுற்றில் பெட்ரோல் தீர்ந்து, வண்டி சரியாகப் போலீஸ்காரர் காலடியில் போய் நின்றது.

"ஏன் சார், ஒரே எடத்தைச் சுத்திச் சுத்தி வர்றீங்க?"

"வீட்டுக்காரம்மா கேட்டுட்டு இருக்காங்க சார்."

"வீட்டுலயா?"

"வெளியூர்ல. போன்ல."

போலீஸ்காரர் அவரையும் வண்டியையும் வீங்கிய காலையும் பார்த்தார். எழுதுவதற்கு எடுத்த புத்தகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு கூடவே வீடுவரைக்கும் வந்து, ஜன்னலில் நின்ற மெக்கானிக்கிடமிருந்து போனை வாங்கினார்.

"அம்மா, நான் போலீஸ் பேசறேன். சத்தம் சரியா இருக்கா?"

பதிலைக் கேட்டார். போனை வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வால்வுக்காரரின் தோளில் கை போட்டார். "இல்லையாம் சார்," என்று சொல்லிவிட்டு எழுதாமலே போய்விட்டார்.

அன்றைக்கு வால்வுக்காரர் வீங்கிய காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மூன்று கேம் போயாயிற்று. எதுவும் இல்லை என்கிறாள். சத்தம் மாறிவிட்டதா, அவள் மாறிவிட்டாளா? மகள் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, வெந்நீர் குழாயில் வருகிறது, பேரன் மடியில் கிடக்கிறான். அங்கே இருந்துகொண்டு கேட்பவளுக்கு இங்கிருந்து போகிற எந்தச் சத்தமும் பழைய மாதிரி இருக்காதோ என்னவோ.

மெக்கானிக்குக்கோ இது மானப் பிரச்சினையாகிவிட்டது. "கடையில கெடைக்கற கேம் எதுவுமே வேண்டாம்ணே. அண்ணி சொல்லட்டும், நானே செய்யறேன்," என்றார். தேய்ந்த பழைய தண்டை எடுத்து, மொட்டை மேட்டில் வெல்டிங் வைத்து, அரத்தால் ராவ உட்கார்ந்தார். நாலு மணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க அண்ணி. எப்படி இருக்கணும்?"

"கனமா இருக்கணும் தம்பி."

"கனம்னா மேடு அகலம். சரி."

"ஆனா மெதுவா."

"மெதுவுக்குக் கொஞ்சம் ராவணும்."

"அவரு முனையில திரும்பறப்போ கொஞ்சம் தயங்கும். வீட்டுக்கு வரலாமா வேண்டாமாங்கற மாதிரி."

மெக்கானிக் அரத்தை நிறுத்தி வால்வுக்காரரைப் பார்த்தார். தயக்கத்தை எந்தப் பக்கம் ராவுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் ஒரு நாளும் அப்படி யோசிச்சதில்ல," என்றார் வால்வுக்காரர், போனுக்குக் கேட்கும்படி.

"என்ன யோசிச்சதில்ல?"

"வீட்டுக்கு வரலாமா வேண்டாமான்னு."

அந்தப் பக்கம் பேரன் கிலுகிலுப்பை ஆட்டும் சத்தம் கேட்டது. "சரி, தயக்கம் வேண்டாம் தம்பி. மத்ததை ராவுங்க," என்றாள் மனைவி.

இப்படி ஆறு நாள் ராவினார்கள். ஆறு நாளும் நாலு மணிக்குப் போன். ஏழாம் நாள் அந்தக் கேமை மாட்டி, போனைச் சைலன்சர் பக்கத்தில் வைத்து, மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார். வண்டி இரண்டே இரண்டு தடவை அடித்தது. கனமாகத்தான் அடித்தது. மூன்றாவது தடவை 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது, பாத்திரம் உடைந்த மாதிரி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிரவே இல்லை. "மேடு ஏறிப்போச்சுண்ணே. வால்வு பிஸ்டன்ல போய் இடிச்சிருச்சு. வளைஞ்சிருச்சு."

முப்பத்து நாலு வருஷ சர்வீசில் வால்வுக்காரர் ஒரு வால்வைக் கெடுத்ததில்லை.

"என்னங்க ஆச்சு?" என்றாள் போனில்.

"முடிஞ்சுபோச்சு."

"எது?" அவள் குரல் சட்டென்று மாறிவிட்டது.

"வண்டி. வால்வு வளைஞ்சிருச்சு."

"வேற வால்வு போட முடியாதா?"

"இந்த வண்டிக்கு இப்ப யாரும் செய்யறதில்ல."

"தேடிப் பாருங்களேன். எங்கயாவது இருக்கும். தேடும்போது சொல்லுங்க."

"தேடறேன்."

மெக்கானிக் நாலு நாள் தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல ஒரு போன் போதும், அதைச் சொல்லியாயிற்று. அடுத்த நாள் நாலு மணிக்கு வால்வுக்காரர் போனைக் கையில் எடுத்தார். என்ன சொல்வது? கேம் இல்லை, மில்லிமீட்டர் இல்லை, தகடு இல்லை. சும்மா எப்படிக் கூப்பிடுவது? காரணமில்லாமல் கூப்பிட்டால், 'எதுக்கு' என்று அவள் கேட்டுவிட்டால்? போனைக் கீழே வைத்தார். எதிர்வீட்டில் ஏழெட்டு அம்பத்தாறு திக்காமல் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பிட்டியா, ஆச்சு, நடக்கிறானா, தவழ்றான். ஒன்பது செகண்டு. முன்னைவிட இரண்டு குறைவு.

வண்டி ஓடாமல் கிடந்தபோதுகூட வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. பேச்சை ருசி பார்த்த பிறகு பேசாமல் இருப்பது பெரிய கஷ்டம். முன்பு அது அவருக்குத் தெரியாது, அதனால் சமாளித்தார். இப்போது நாலு மணி ஆனால் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் காலையில் வீட்டைப் பூட்டி, சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிவிட்டார்.

பத்து மணி நேரப் பயணம். அந்தப் பத்து மணி நேரமும் அவர் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார். பெரிய வாக்கியம் அவரால் ஆகாது. அதனால் நறுக்காக அமைத்துக்கொண்டார். 'சத்தம் கிடைக்கல. நீ வந்துடு.' முதலில் மனசுக்குள் சொன்னார். பிறகு உதட்டால் சொன்னார். மூன்றாவது மணி நேரத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"நீ வந்துடு."

"எங்க வரணும்?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர், தூக்கத்திலிருந்து விழித்து.

"உங்களை இல்லைங்க."

பக்கத்து சீட்டுக்காரர் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார். அதுவும் நல்லதாகப் போயிற்று. பேரன் நடக்கிறானோ இல்லையோ, காப்பகம் சேர்த்துக்கொள்கிறதோ இல்லையோ, இந்தத் தடவை கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். முடியாது என்றால் அங்கேயே ஓர் ஓரமாக இருந்துவிட வேண்டியதுதான். வண்டிதான் இல்லையே, வீட்டைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது?

மகள் வீடு நாலாவது மாடி. லிஃப்டில் ஏற அவருக்குப் பொறுமையில்லை, படியில் ஏறினார். கெண்டைக்கால் இன்னும் வலித்தது. கதவுக்கு முன்னால் நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி ஒரு தடவை ஒத்திகை பார்த்தார். மணியை அடித்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், கண்ணைத் திறந்தால் வாக்கியம் மறந்துவிடும் என்ற பயத்தில், மூடிய கண்ணோடே சொல்லிவிட்டார்.

"சத்தம் கிடைக்கல. நீ வந்துடு."

கண்ணைத் திறந்தார். மருமகன் நின்றிருந்தார், லுங்கியும் கையில் பால் புட்டியுமாக. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடி பேரன் தாத்தாவை அண்ணாந்து பார்த்தான்.

"உங்களை இல்ல மாப்பிள்ளை," என்றார் வால்வுக்காரர். முகம் சிவந்துவிட்டது. "அவ இல்லையா?"

"அத்தை கீழ கடைக்குப் போயிருக்காங்க. வந்துடுவாங்க." மருமகன் பையை வாங்கி உள்ளே வைத்தார். பொதுவாக இத்துடன் அவர் பேச்சு முடிந்துவிடும். இன்று முடியவில்லை. வாசல்படியிலேயே நின்று, மாமனாரின் வீங்கிய காலையும் கருகிய சட்டைக் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன கிடைக்கல மாமா?"

"அந்தப் பழைய சத்தம். நாலு கேம் போட்டும் கிடைக்கல."

மருமகன் பால் புட்டியைக் கீழே வைத்தார்.

"முதல் நாள் போட்டதே அந்தச் சத்தம்தான்னு அத்தை அன்னைக்கே எங்ககிட்ட சொல்லிட்டாங்களே மாமா, உங்ககிட்ட சரின்னு சொல்லிட்டா, மறுநாள் நீங்க எதுக்குப் போன் பண்ணப்போறீங்கன்னாங்க."